சொந்தமாக எழுதிய டெல்நெட் சேவையகம்: தெரிவுகள் குறித்த பேச்சு முடியாமல் சுழல்கிறது

எழுதியவர்: பாமணிக்கரையான், மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகில் என் மாமா நடத்தும் அரிசி ஆலையில், நெல் வரவு, எடைச்சீட்டு, விவசாயிகளின் பற்று வரவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பழைய எழுத்துத்திரை நிரல் ஒன்று லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலையை மாற்றுவதற்காக, சென்ற குறுவை அறுவடைக்கு முன்பு பைத்தானில் நானே ஒரு டெல்நெட் (வலை வழியாக வேறொரு கணினியின் எழுத்துத்திரையைப் பயன்படுத்தும் நெறிமுறை) சேவையகத்தை எழுதினேன். கிளையன்ட் (பயன்படுத்துபவர் பக்கத்து நிரல்) இணைந்ததும் அது ஒரு போலி முனையத்தை (உண்மையான முனையம்போல நடந்துகொள்ளும் மென்பொருளை) திறந்து, அதற்குள் கணக்கு நிரலை ஓடவிட்டு, இரு பக்கமிருந்தும் வரும் பைட்டுகளைக் கடத்திவிடும். ஆலையின் உள்வலையில் மட்டும், 2323 என்ற போர்ட்டில் அது காத்திருக்கிறது.

மூன்று இடங்களிலிருந்து இதைப் பயன்படுத்துகிறோம்; மூன்றிலும் மூன்று விதமான தொல்லை. அலுவலகத்தில் விண்டோஸ் கணினியில் புட்டி என்ற கிளையன்ட் இருக்கிறது. பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கிறது; ஆனால் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்தும்போது எப்போதாவது திரை முழுவதும் சிதறி, பதிவுக் கட்டத்தில் யாரும் தட்டாத ஒரு திறப்பு அடைப்புக்குறி, அதாவது "(" வந்து விழுகிறது; அதற்குப் பிறகு முதலில் அழுத்தும் விசையும் காணாமல் போகிறது. கிடங்கில் ஒரு லினக்ஸ் மடிக்கணினி இருக்கிறது. அதில் டெல்நெட் கட்டளையைக் கொடுத்து நுழைந்தால், தட்டுவதெல்லாம் இரண்டு முறை தெரிகிறது, கடவுச்சொல்லும் வெட்டவெளிச்சமாகத் திரையில் நிற்கிறது, என்டர் அழுத்தும்வரை ஓர் எழுத்தும் சேவையகத்துக்குப் போவதில்லை.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. எடைமேடை அறையில் உள்ள சிறு கணினிக்கு ஒரு கிளையன்ட்டையும் நானே எழுதினேன். தெரிவுகளை (எதிரொலி, சாளர அளவு போன்ற கூடுதல் வசதிகளை) பற்றிய பேச்சைக் கையாளும் செயற்கூறு ஏற்கெனவே சேவையகத்தில் இருந்ததால், அதையே எடுத்து இதிலும் வைத்துக்கொண்டேன். அது செய்வது இவ்வளவுதான்: "டூ" (செய்) வந்தால், எனக்குத் தெரிந்த தெரிவாக இருப்பின் "வில்" (செய்கிறேன்) என்றும், இல்லையெனில் "வோன்ட்" (செய்யமாட்டேன்) என்றும் பதில் அனுப்பும், "வில்" வந்தால் அதேபோல "டூ" அல்லது "டோன்ட்" (செய்யாதே) அனுப்பும், "வோன்ட்" வந்தால் "டோன்ட்", "டோன்ட்" வந்தால் "வோன்ட்". இந்தக் கிளையன்ட் இணைந்த கணத்திலிருந்து வலைப்பெட்டியின் விளக்கு நிற்காமல் மின்னுகிறது. பதிவுக் கோப்பைத் திறந்தால் கீழ்க்கண்ட இரண்டு வரிகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன (255 கட்டளையின் தொடக்கம், 251 "வில்", 253 "டூ", கடைசி எண் தெரிவு; 1 என்றால் எதிரொலி).

சேவையகம்: 255 251 1
கிளையன்ட்: 255 253 1

டெல்நெட்டை வரையறுக்கும் ஆவணமான ஆர்.எப்.சி. 854 ஐ ஒருமுறை படித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே முறை என்று நினைத்துத்தான் இப்படி எழுதினேன். எங்கே பிழை செய்தேன்?

எழுதியவர்: பழைய முனையம், தஞ்சாவூர்

தம்பிக்கு வணக்கம். தாங்கள் படித்த ஆவணத்தில் விடை இருக்கிறது. ஆனால் அது ஒரு பத்திக்குள் அடங்கிக் கிடப்பதால், முதல் வாசிப்பில் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் தாண்டிப் போனவன்தான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 1983 மே மாதத்தில் போஸ்டலும் ரெனால்ட்ஸும் வெளியிட்ட அந்த ஆவணம் மூன்று கருத்துகளின் மீது நிற்கிறது. ஒன்று, இரு முனைகளும் எந்த ஏற்பாடும் இல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரு கற்பனை முனையம். ஏழு பிட் ஆஸ்கி எழுத்துகளும், வரி வரியாக அனுப்பும் பழக்கமும் கொண்ட எளிய முனையம் அது. இரண்டாவது, அதற்கு மேல் ஏதேனும் வேண்டுமென்றால் பேசித் தீர்த்துக்கொள்ளும் தெரிவுகள். மூன்றாவது, இரு பக்கமும் சமம் என்ற நோக்கு. இந்த மூன்றாவதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சேவையகம் கேட்கும், கிளையன்ட் சொல்லும் என்ற ஏற்பாடு டெல்நெட்டில் கிடையாது. எவரும் எதையும் முதலில் எழுப்பலாம், எவரும் மறுக்கலாம். "வில்" என்றால் "நான் செய்யட்டுமா" என்ற முன்மொழிவாகவும் இருக்கும், "சரி, செய்கிறேன்" என்ற சம்மதமாகவும் இருக்கும். "டூ" என்றால் "நீ செய்" என்ற கோரிக்கையாகவும் இருக்கும், "செய்துகொள்" என்ற ஒப்புதலாகவும் இருக்கும். ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்வதால், வந்த மூன்று பைட்டுகளை மட்டும் பார்த்து அது எந்தப் பொருளில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தான் முன்பு என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருப்பவனுக்கு மட்டுமே அது தெரியும். தங்கள் செயற்கூறுக்கு நினைவு இல்லை, தவறு அவ்வளவுதான்.

வெண்ணாற்றுத் தலைப்பில் நிற்கும் லஸ்கரை (மதகை இயக்கும் பணியாளரை) நினைத்துக்கொள்ளுங்கள். "ஷட்டரைத் தூக்கு" என்று சொல் வருகிறது. தூக்கிவிட்டு, "தூக்கிவிட்டேன்" என்று திருப்பிச் சொல்கிறார். சொன்னவர் அந்தப் பதிலையே புதுச் செய்தியாக எடுத்துக்கொண்டு மறுபடியும் "தூக்கு" என்றால், லஸ்கர் என்ன செய்வார்? ஷட்டர் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது என்பதால் பேசாமல் இருந்துவிடுவார். தங்கள் நிரலோ, ஷட்டர் எங்கே நிற்கிறது என்று நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொரு முறையும் "தூக்கிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. (இந்த உவமை ஓர் இடத்தில் நொண்டும்: டெல்நெட்டில் மேலே உள்ளவர், கீழே உள்ளவர் என்ற பேதம் இல்லை.)

ஆகவே விதி இது. நிலை மாறினால் மட்டுமே பதில் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நிலைக்குள் நுழையும்படி கோரிக்கை வந்தால், அதற்குப் பதிலே கூடாது. தாமாகக் கோரிக்கை அனுப்பும்போதும், நிலையை மாற்ற விரும்பினால் மட்டுமே அனுப்ப வேண்டும். "இப்போது இப்படித்தான் இருக்கிறேன்" என்று அறிவிப்பதற்காக அனுப்பக் கூடாது. புட்டியுடன் ஏன் சுழலவில்லை என்று தாங்கள் வியந்திருப்பீர்கள். புட்டி இந்த விதியைக் கடைப்பிடிக்கிறது. தங்கள் சேவையகம் அனுப்புவது தான் கேட்டதற்கு வந்த பதில்தான் என்று அறிந்து, அது அமைதியாக இருக்கிறது. எடைமேடையில் இரு பக்கமும் ஒரே செயற்கூறு இருப்பதால், விட்டுக்கொடுக்க ஆளில்லை.

இந்த நினைவை எப்படி வைப்பது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு தெரிவுக்கும் இரண்டு நிலைகள் இருக்கின்றன: நம் பக்கத்தில் அது நடக்கிறதா என்பது ஒன்று, எதிர்ப்பக்கத்தில் நடக்கிறதா என்பது மற்றொன்று. எதிரொலி என்ற 1 ஆம் தெரிவை நாம் செய்வதும் எதிரில் இருப்பவர் செய்வதும் வேறு வேறு. இருவரும் ஒரே நேரத்தில் எதிரொலித்தால் ஓர் எழுத்து இரு பக்கமும் முடிவில்லாமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். எனவே 256 தெரிவுகளுக்கு இரண்டு அட்டவணைகளை வைத்துக்கொள்ளுங்கள். "வில்", "வோன்ட்" வந்தால் எதிர்ப்பக்க அட்டவணையைப் பாருங்கள். "டூ", "டோன்ட்" வந்தால் நம் அட்டவணையைப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாமே "இல்லை". ஒரு தெரிவைத் தொடங்கும்படி கேட்டால் மறுக்கலாம். ஆனால் நிறுத்தும்படி கேட்டால் மறுக்கவே கூடாது, ஏனெனில் எல்லாவற்றையும் நிறுத்தினால் மிஞ்சுவது அந்த எளிய கற்பனை முனையம்தான், அதற்குத் திரும்பும் உரிமை இருவருக்கும் எப்போதும் உண்டு.

"உண்டு", "இல்லை" என்ற இரண்டு நிலைகள் மட்டும் போதுமா என்றால், தாங்களே தெரிவுகளைத் தொடங்கும்போது போதாது. அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரும்வரை ஓர் இடைக்காலம் இருக்கிறதல்லவா? கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் மட்டும் எதிரொலியை மாற்றும் சேவையகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது "வில் 1" அனுப்புகிறது. பதில் வருவதற்குள் மனம் மாறி "வோன்ட் 1" அனுப்பி, "இல்லை" என்று எழுதிவைத்துக்கொள்கிறது. கிளையன்ட் முதலாவதற்கு "டூ 1" என்றும் இரண்டாவதற்கு "டோன்ட் 1" என்றும் வரிசையாகப் பதில் சொல்கிறது. முதலில் வந்து சேரும் "டூ 1" ஐப் பார்த்த சேவையகம், இது புதிய கோரிக்கை என்று நினைத்து "வில் 1" என்கிறது. அடுத்து வரும் "டோன்ட் 1" க்கு "வோன்ட் 1" என்கிறது. கிளையன்ட்டுக்கு இவை இரண்டும் புதிய செய்திகள். இரு பக்கமும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தும், மறுபடியும் சுழல். 1990 பிப்ரவரியில் டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய ஆர்.எப்.சி. 1143 இந்த ஒரு சிக்கலுக்காகவே வந்தது. "உண்டு", "இல்லை" ஆகியவற்றுடன் "உண்டாக்கக் கேட்டிருக்கிறேன்", "நிறுத்தக் கேட்டிருக்கிறேன்" என்ற இரு இடைநிலைகளைச் சேர்த்து, இடைநிலையில் இருக்கும்போது மனம் மாறினால் உடனே அனுப்பாமல், பதில் வந்தபின் அனுப்புவதற்காக ஒரு பிட்டில் குறித்துவைத்துக்கொள்ளும்படி அது சொல்கிறது. அதிலுள்ள நிலைமாற்றங்களை அப்படியே நிரலாக எழுதினால் நூறு வரிகள்கூட ஆகாது.

தங்களுக்கு அந்தக் கடவுச்சொல் விளையாட்டே தேவையில்லை என்பது என் கருத்து. போலி முனையத்துக்குள் ஓடும் நிரலே கடவுச்சொல் கேட்கும்போது முனையத்தின் எதிரொலியை நிறுத்திவிடும். சேவையகம் "வில் 1" என்று ஒருமுறை சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டு, அமர்வு முடியும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

எழுதியவர்: அரசலாற்றுக்காரி, கும்பகோணம்

ஐயா சொன்னதற்கு மேல் சுழலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கிடங்கு மடிக்கணினியையும் அந்த அடைப்புக்குறியையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கிடங்கில் நடப்பது சண்டை அன்று. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துப் பேசாமல் இருப்பது. தங்கள் சேவையகம் வந்த செய்திகளுக்குப் பதில் சொல்கிறதே தவிர, தானாக எதையும் தொடங்குவதில்லை என்று நினைக்கிறேன். புட்டி தன் இயல்பான அமைப்பில் இணைந்தவுடன் தானே பேச்சைத் தொடங்கிவிடும். "முனையத்தின் அளவைச் சொல்கிறேன், வகையைச் சொல்கிறேன், நீ எதிரொலி செய்" என்று வரிசையாக அனுப்பும். லினக்ஸில் உள்ள டெல்நெட் கட்டளை 23 ஆம் போர்ட்டுக்குப் போனால்தான் தானாகத் தொடங்கும். வேறு போர்ட்டாக இருந்தால், அங்கே இருப்பது டெல்நெட் சேவையகம்தானா என்பது தெரியாததால் வாயைத் திறக்காது. தாங்கள் வைத்திருப்பது 2323. சோதித்துப் பார்க்க விரும்பினால், போர்ட் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியிட்டு -2323 என்று கொடுங்கள், அதுவும் தொடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முதலில் பேச வேண்டியது சேவையகம். இணைப்பு வந்ததும் இந்தப் பன்னிரண்டு பைட்டுகளை அனுப்பிவிடுங்கள்:

255 251 1
255 251 3
255 253 24
255 253 31

எதிரொலி நான் செய்கிறேன்; "உன் முறை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும் பழைய வழக்கத்தை விட்டுவிடுகிறேன்; உன் முனைய வகையைச் சொல்; உன் சாளர அளவைச் சொல். இதுதான் அந்த நான்கின் பொருள். முதல் இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்தால், மடிக்கணினி வரி வரியாக அனுப்புவதை நிறுத்திவிட்டு எழுத்து எழுத்தாக அனுப்பத் தொடங்கும். தன் எதிரொலியையும் நிறுத்திக்கொள்ளும். இரட்டை எழுத்தும் கடவுச்சொல் தெரிவதும் ஒரே அடியில் போய்விடும். பதிலே வராமல் போனால் சில விநாடிகள் காத்திருந்துவிட்டு, 80 பத்தி (நெடுவரிசை), 24 வரி என்று வைத்துக்கொண்டு நிரலைத் தொடங்கிவிடுங்கள். பதில் வந்தே தீர வேண்டும் என்று நின்றுவிடாதீர்கள்.

முனைய வகைக்கு "வில் 24" என்று ஒப்புதல் வந்தபிறகுதான் 255 250 24 1 255 240 என்று கேட்க வேண்டும் (250 என்பது ஒரு தெரிவுக்குள் நடக்கும் உள்பேச்சின் தொடக்கம், 240 அதன் முடிவு). அதற்கு முன்பு கேட்கக் கூடாது. புட்டியிலிருந்து வரும் பதில் இப்படி இருக்கும்: 255 250 24 0 88 84 69 82 77 255 240. நடுவில் இருக்கும் ஐந்து எண்களும் எக்ஸ்டெர்ம் என்ற பெயரின் எழுத்துகள். ஆனால் எல்லாம் பெரிய எழுத்துகள். லினக்ஸின் முனையத் தரவுத்தளத்தில் பெயர்கள் சிறிய எழுத்தில் இருப்பதால், முனைய வகையை நிரலுக்குச் சொல்லும் சூழல் மாறிக்குள் மாற்றாமல் அப்படியே வைத்தால் "இப்படி ஒரு முனையம் எனக்குத் தெரியாது" என்று நிரல் நின்றுவிடும். நான் இதில் ஒரு பிற்பகல் முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

இப்போது அடைப்புக்குறி. தாங்கள் எழுதியதைப் படித்ததும், உங்கள் அலுவலகச் சாளரம் 40 வரி உயரம் என்று ஊகித்தேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். சாளர அளவு நான்கு பைட்டுகளில் வருகிறது: அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு இரண்டு. 80 க்கு 24 என்றால் 0 80 0 24. தாங்கள் 250 31 ஐப் பார்த்ததும் நான்கு பைட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு, பின்னால் 255 240 இருந்தால் அதைத் தூக்கிப்போடும்படி எழுதியிருப்பீர்கள். சாளரத்தை இழுக்கும்போது அகலம் சரியாக 255 பத்திகளில் நின்றால் என்ன ஆகும்? தரவுக்குள் வரும் 255 என்ற பைட் கட்டளையின் தொடக்கம் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படாமல் இருப்பதற்காக, அதை இரட்டித்து அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே வருவது இது:

255 250 31 0 255 255 0 40 255 240

நான்கை மட்டும் எண்ணி எடுத்தால் 0 255 255 0 கிடைக்கும். அகலம் 255, உயரம் 255 ஐ 256 ஆல் பெருக்கிய 65280 வரிகள்! கணக்கு நிரல் அத்தனை வரிகளுக்குத் திரையை வரைய முயல்வதால் எல்லாம் சிதறுகிறது. மிஞ்சிய 40, ஆஸ்கியில் திறப்பு அடைப்புக்குறி. அது தட்டிய எழுத்தாகப் பதிவுக் கட்டத்துக்குள் போய்விடுகிறது. அதற்கும் பின்னால் அநாதையாக வரும் 255 240 ஐத் தங்கள் நிரல் மூன்று பைட் கட்டளை என்று நினைத்து, அடுத்து அழுத்தும் விசையையும் சேர்த்து விழுங்குகிறது. 251 முதல் 254 வரையிலான நான்கு கட்டளைகளுக்கு மட்டும்தான் மூன்றாவது பைட் உண்டு. 240 முதல் 249 வரையிலானவை இரண்டு பைட்டுகளோடு முடிந்துவிடும்.

எண்ணி எடுப்பதைக் கைவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பைட் என்று வாங்கி, "சாதாரணத் தரவு", "255 பார்த்தாயிற்று", "வில் வந்தது, தெரிவு எண்ணுக்குக் காத்திருக்கிறேன்", "உள்பேச்சுக்குள் இருக்கிறேன்", "உள்பேச்சுக்குள் 255 பார்த்தாயிற்று" என்று நிலை நிலையாக நகரும் இயந்திரமாக எழுதுங்கள். டெல்நெட்டைச் சுமந்து செல்லும் டி.சி.பி. ஓர் ஓடை, தாங்கள் ஒரே வீச்சில் அனுப்பிய மூன்று பைட்டுகளில் முதலாவது ஒரு வாசிப்பிலும் மற்ற இரண்டும் அடுத்த வாசிப்பிலும் வந்து சேரலாம். அந்த நிலையை வாசிப்புகளுக்கு இடையே மறக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

எழுதியவர்: கடைமடைக்காரன், மயிலாடுதுறை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு உழைப்பையும் டெல்நெட்டின் மீது கொட்ட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டும் ஒவ்வொரு எழுத்தும் மறைப்பில்லாமல் கம்பியில் போகிறது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு திறந்து கிடந்த டெல்நெட் போர்ட்டுகளின் வழியாகத்தான் 2016 இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் வலைப்பெட்டிகளையும் தன் வசப்படுத்தியது. அதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் மறைகுறியிட்டு அனுப்பும் எஸ்.எஸ்.எச். வைத்தால், முனைய வகை, பத்தி, வரி, முனைய அமைப்புகள் எல்லாவற்றையும் கிளையன்ட் ஒரே கோரிக்கையில் சொல்லிவிடும். சாளரம் மாறினால் இன்னொரு செய்தி. சுழலுக்கு வழியே இல்லை. மறைகுறி முறையைத் தேர்வு செய்வதிலும் ஊசலாட்டம் கிடையாது: இரு பக்கமும் தத்தம் பட்டியலை அனுப்பும், கிளையன்ட்டின் பட்டியலில் முதலில் வருவதும் சேவையகத்திடம் உள்ளதுமான பெயர் முடிவாகும்.

டெல்நெட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால், 39 ஆம் தெரிவைத் தொடாதீர்கள். கிளையன்ட் தன் சூழல் மாறிகளைச் சேவையகத்துக்கு அனுப்புவதற்கான தெரிவு அது. கிளையன்ட் அனுப்பிய பெயரைச் சரிபார்க்காமல் உள்நுழைவு நிரலுக்குக் கொடுத்ததால், 2007 இல் சோலாரிஸ் 10 இன் டெல்நெட் சேவையகத்தில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய முடிந்தது. பயனர் பெயருக்குப் பதிலாக உள்நுழைவு நிரலுக்கான ஒரு கட்டளைத் தெரிவை எழுதி அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்தத் தெரிவுக்கு "வில் 39" என்று வந்தால், "டோன்ட் 39" என்று சொல்லி முடித்துக்கொள்வதே நல்லது.

எழுதியவர்: பாமணிக்கரையான், மன்னார்குடி

மூவருக்கும் நன்றி. அக்கா, சாளரம் சரியாக 40 வரிதான்! மாமாவிடம் காட்டினேன், கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஐயா சொன்னபடி இரண்டு அட்டவணைகளை வைத்து, நான்கு நிலைகளோடு திருப்பி எழுதினேன். எடைமேடைக் கிளையன்ட் இப்போது இணைந்ததும் சேவையகத்திலிருந்து பன்னிரண்டு பைட்டுகள், அங்கிருந்து பன்னிரண்டு பைட்டுகள், பிறகு முனைய வகையும் அளவும். அதோடு விளக்கு அணைந்துவிடுகிறது. கடைமடைக்காரர் சொல்வதையும் ஏற்கிறேன். அலுவலகக் கணினியையும் மடிக்கணினியையும் எஸ்.எஸ்.எச். சுக்கு மாற்றிவிடுவேன். எடைமேடையில் உள்ள சிறு கணினி மிகப் பழையது என்பதால் அங்கே மட்டும் டெல்நெட் தொடரும்.

மாற்றும்வரை மடிக்கணினியில் புதிதாக ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. இரட்டை எழுத்து போய்விட்டது, கடவுச்சொல்லும் தெரியவில்லை. ஆனால் விவசாயியின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் முதல் எண் சரியாகக் கிடைக்கிறது. அடுத்த கட்டத்தில் தட்டும் எண்ணுக்கு மட்டும் "பதிவு இல்லை" என்கிறது. அழித்துவிட்டு மறுபடி தட்டினால் கிடைக்கிறது. தெரிவுகளைப் பேசத் தொடங்கியதற்கு முன்பு இது இல்லவே இல்லை.

இன்னொன்று: எடைமேடையின் எண்காட்டியிலிருந்து சீரியல் கம்பி வருகிறது. அந்தப் பழைய கணினியையே எடுத்துவிட்டு, சீரியலை வலைக்கு மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றை வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அந்தப் பெட்டியும் டெல்நெட் பேசும் என்கிறாரே, உண்மைதானா?

எழுதியவர்: பழைய முனையம், தஞ்சாவூர்

பேச்சு வெற்றி பெற்றதால் வந்த தொல்லை அது. வரி வரியாக அனுப்பிக்கொண்டிருந்தபோது மடிக்கணினி ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13 10 (ஆஸ்கியில் "வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு", "அடுத்த வரிக்குப் போ") அனுப்பியது. எழுத்து எழுத்தாக அனுப்பும் முறைக்கு மாறியதும், என்டர் விசைக்கு 13 0 அனுப்புகிறது. கற்பனை முனையத்தின் விதிப்படி 13 தனியாக வரவே கூடாது. பின்னால் 10 அல்லது 0 வர வேண்டும். தாங்கள் 13 ஐ எடுத்துக்கொண்டு, அந்த 0 வையும் போலி முனையத்துக்குள் தள்ளிவிடுகிறீர்கள். அது அடுத்த கட்டத்தின் முதல் எழுத்தாகக் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொள்கிறது; 1047 என்று தட்டினால் நிரல் தேடுவது 0 என்ற பைட்டோடு தொடங்கும் ஐந்து எழுத்துகளை. 13 க்குப் பின் வரும் 10 ஐயோ 0 வையோ தூக்கிப்போடுங்கள். இதற்கும் நிலை இயந்திரத்தில் ஓர் இடம் வேண்டும், ஏனெனில் 13 ஒரு வாசிப்பிலும் 0 அடுத்த வாசிப்பிலும் வரலாம்.

விவசாயிகளின் பெயர்களைத் தமிழிலேயே பதிந்திருந்தால், இன்னொன்றையும் கவனியுங்கள். யூ.டி.எப். 8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். "அ" என்பது 224 174 133. இவை ஏழு பிட்டுக்குள் அடங்காதவை என்பதால், முறைப்படி 0 என்ற இருமத் தெரிவைப் பேசிக்கொள்ள வேண்டும். அதையும் போகும் திசைக்கு ஒன்று, வரும் திசைக்கு ஒன்று என்று தனித்தனியே. யூ.டி.எப். 8 இல் 255 என்ற பைட் எங்கும் வராது என்பது நமக்கு நல்வாய்ப்பு. பழைய எட்டு பிட் எழுத்துருவில் பதிந்த கோப்புகள் ஏதேனும் இருந்தால் அந்த உறுதி கிடையாது. வெளியே அனுப்பும் முன்பு 255 ஐ இரட்டித்துவிடுங்கள். இருமத் தெரிவு நடப்பில் இருந்தாலும் இந்த இரட்டிப்பு மாறாது.

சீரியல் பெட்டியைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது உண்மை. அப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. 1997 இல் வந்த ஆர்.எப்.சி. 2217 இல் 44 ஆம் தெரிவு என்று ஒன்று இருக்கிறது. சீரியல் போர்ட்டின் வேகம், தரவு பிட், சமநிலை பிட், நிறுத்த பிட் ஆகியவற்றை வலை வழியாகவே அமைக்கலாம். வேகத்தை 9600 ஆக வைக்கச் சொல்ல, 44 க்கு ஒப்புதல் கிடைத்தபிறகு 255 250 44 1 0 0 37 128 255 240 என்று அனுப்ப வேண்டும். 37 ஐ 256 ஆல் பெருக்கி 128 ஐக் கூட்டினால் 9600. பெட்டி பதில் சொல்லும்போது 1 க்குப் பதிலாக 101 வரும். தான் உண்மையில் எந்த வேகத்தை வைத்துக்கொண்டது என்பதை அந்தப் பதிலில் சொல்லும். தாங்கள் கேட்டதையே அது வைத்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், அந்த நான்கு பைட்டுகளைப் படித்துப் பாருங்கள். எண்காட்டியின் வேகமும் பெட்டியின் வேகமும் மாறிப்போனால் எடைக்குப் பதிலாகக் குப்பை எழுத்துகள்தான் வரும்.

எழுதியவர்: பாமணிக்கரையான், மன்னார்குடி

0 வைத் தூக்கிப்போட்டதும் எண்கள் எல்லாம் கிடைக்கின்றன, ஐயா. பழைய கோப்பைத் தேடிப் பார்த்ததில், முன்னால் கண்ணுக்குத் தெரியாத 0 ஒட்டிக்கொண்டு பதிவான விவசாயிகள் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களின் பதிவுகளை இன்று காலை கையாலேயே திருத்தினேன். சீரியல் பெட்டியைச் சம்பா அறுவடை முடிந்த பிறகு வாங்குவதாக மாமா சொல்லியிருக்கிறார். வாங்கியதும், 101 உடன் வரும் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.